ஜெய்ப்பூர் சம்ராட் யந்திரத்தில் நேரம் பார்ப்பது எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராஜஸ்தான் சுற்றுலா பற்றித் தமிழில் எப்போது கட்டுரை வந்தாலும், ஜெய்ப்பூரின் பழைய வானாய்வுக்கூடமான ஜந்தர் மந்தருக்கு ஒரு வரி ஒதுக்கப்படுகிறது: ‘உலகின் மிகப்பெரிய கல் சூரியக் கடிகாரம் இங்குள்ளது, இரண்டு விநாடி துல்லியத்தில் நேரம் காட்டும்.’ உங்கள் பயணப் பகுதியிலும் அதே வரி வந்திருந்தது. அதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் அந்தச் சூரியக் கடிகாரமான சம்ராட் யந்திரத்தின் முன் நின்று கைபேசியைப் பார்க்கிறார்கள். யந்திரம் ஒரு நேரம் காட்டுகிறது, கைபேசி அரை மணி தள்ளி இன்னொரு நேரம் காட்டுகிறது. “முந்நூறு வருஷமாச்சு, பழுதாயிருக்கும்” என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். யந்திரத்தில் பழுது இல்லை. அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் அந்த ‘இரண்டு விநாடி’. பஞ்சாங்கக் கணக்கில் ஒரு நாழிகைக்கு 60 விநாடி. நாழிகை 24 நிமிடம் என்பதால் ஒரு விநாடி என்பது இன்றைய 24 செகண்டு. அந்த யந்திரத்தைக் கட்டியவர்களும் நாழிகைக் கணக்குக்காரர்களே. அவர்கள் கடி, பலம் என்றது நம் நாழிகை, விநாடி. ஆகவே குழப்பம் வராமல் இருக்க, செகண்டை நொடி என்றே எழுதுகிறோம். யந்திரத்தின் அளவுகோலில் செதுக்கப்பட்ட மிகச் சிறிய பிரிவு 2 நொடி. கோடு அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பது உண்மை. நிழலை அந்த அளவுக்குப் படித்துவிடலாம் என்பது வேறு சங்கதி.

யந்திரத்தின் அமைப்பு எளிது. வடக்கு தெற்காக ஒரு பெரிய முக்கோணச் சுவர். அதன் சாய்ந்த மேல்விளிம்பு தரையிலிருந்து 27 பாகை கோணத்தில் எழும்பி வட துருவத்தை நோக்குகிறது. ஜெய்ப்பூரின் அட்சரேகை 27 பாகைக்குச் சற்றுக் குறைவு என்பதால்தான் அந்தச் சாய்வு. சுவரின் நடுவே படிக்கட்டு. உச்சியில் ஒரு சத்திரி மண்டபம். தரையிலிருந்து சுமார் 27 மீட்டர் உயரம். குரு பூர்ணிமா அன்று ஜோதிடர்கள் கொடியுடன் ஏறிக் காற்றின் திசை பார்த்து மழை கணிப்பது இந்த உச்சியில்தான். சுவரின் இருபுறமும் இறக்கை விரித்ததுபோல் இரண்டு கால்வட்டங்கள், ஒவ்வொன்றின் ஆரமும் சுமார் 15.15 மீட்டர். காலையில் சுவரின் நிழல் மேற்குக் கால்வட்டத்தின் மேல்நுனியில் தொடங்கிச் சுவரின் அடிவரை இறங்கும். நண்பகலுக்குப் பிறகு கிழக்குக் கால்வட்டத்தில் ஏறும். காலையில் பார்க்க வேண்டியது சுவரின் மேற்கு விளிம்பின் நிழலை; மாலையில் கிழக்கு விளிம்பின் நிழலை.

15.15 மீட்டர் ஆரத்தில் நிழல் ஒரு மணிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் நகரும். ஒரு நிமிடத்துக்கு 6.6 செ.மீ., ஒரு நொடிக்கு 1.1 மி.மீ. கால்வட்டத்துப் பளிங்கின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அசையாமல் நின்றால், நிழல் விரலைக் கடந்து போவது கண்ணுக்கே தெரியும். நாழிகையில் சொன்னால், ஒரு நாழிகைக்கு 1.6 மீட்டர், கால்வட்டம் ஒன்றுக்கு 15 நாழிகை.

இனி, கைபேசிக்கும் யந்திரத்துக்கும் ஏன் ஒத்துவரவில்லை என்பது. இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுமே கணக்கில் அடங்குபவை. நம் கைபேசி காட்டுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். ஜெய்ப்பூர் 75 பாகை 49 கலையில் (60 கலை ஒரு பாகை) இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் என்பதால், ஜெய்ப்பூரின் சொந்த நேரம் இந்திய நேரத்துக்கு ஏறத்தாழ இருபத்தாறே முக்கால் நிமிடம் பின்தங்கி இருக்கும். இது ஆண்டு முழுக்க மாறாத வித்தியாசம். இரண்டாவது, சூரியனே கடிகாரம்போல் ஒரே சீராக ஓடுவதில்லை. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து, பிப்ரவரி 11 வாக்கில் சூரியன் 14 நிமிடம் பின்தங்குகிறது. நவம்பர் 3 வாக்கில் 16 நிமிடத்துக்கும் மேல் முந்துகிறது. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களையொட்டி மட்டுமே வித்தியாசம் சுழியாகிறது.

ஆகவே யந்திரம் காட்டும் நேரத்தோடு ஜனவரி 1 அன்று 30 நிமிடம் கூட்ட வேண்டும். பிப்ரவரி நடுவில் 41, மார்ச் நடுவில் 36, ஏப்ரல் நடுவில் 27, மே நடுவில் 23. ஜூன் நடுவில் மறுபடி 27, ஜூலை கடைசியில் 33, செப்டம்பர் தொடக்கத்தில் 27, அக்டோபர் தொடக்கத்தில் 16 அல்லது 17, நவம்பர் தொடக்கத்தில் வெறும் 10, டிசம்பர் தொடக்கத்தில் 16. ‘அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், நவம்பரில் வருகிறவர்களுக்கு 20 நிமிடம் பிசகும். அவர்கள் யந்திரத்தைத்தான் குறை சொல்வார்கள். டிசம்பரில் இந்த எண் நாளுக்கு அரை நிமிடம் வீதம் ஏறுகிறது. அதனால் அரையாண்டு விடுமுறையில் போகிறவர்கள் அன்றைய தேதிக்கு உரிய எண்ணைக் குறித்துக்கொண்டு போவது நல்லது.

இதையெல்லாம் செய்தும் இரண்டு நிமிடம் பிசகுகிறதே என்பார்கள் சிலர். அங்கேதான் விஷயம் சுவையாகிறது. சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானில் அரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதலான அகலமுள்ள வட்டு. அதனால் எந்தச் சுவரின் நிழலுக்கும் கத்தி வெட்டு விளிம்பு கிடையாது. கருநிழல் முடிந்து, சாம்பலாகி, மெல்ல மெல்ல வெளுத்து வெயிலில் கரையும். இந்தப் புறநிழலின் அகலம் சம்ராட் யந்திரத்தின் கால்வட்டத்தில் 14 செ.மீ. அளவுக்கு இருக்கும். கோடுகளோ இரண்டேகால் மில்லிமீட்டருக்கு ஒன்று. அறுபதுக்கும் மேற்பட்ட கோடுகளின் மேல் ஒரு மங்கல் படர்ந்து கிடக்கிறது. அதில் ‘நிழல் இங்கே முடிகிறது’ என்று ஒருவர் விரல் வைத்தால், அடுத்தவர் நான்கு விரற்கடை தள்ளி வைப்பார். 14 செ.மீ. என்பது நேரத்தில் 2 நிமிடம் 8 நொடி.

சூரியக் கடிகாரத்தைப் பெரிதாகக் கட்டினால் இந்த மங்கல் குறையும் என்று நினைப்பது இயல்பு. குறையாது. 15 செ.மீ. ஆரத்தில் அட்டையில் செய்த கடிகாரத்திலும் மங்கல் அதே 2 நிமிடம்தான், அங்கே அது ஒன்றரை மில்லிமீட்டராகத் தெரியும். அப்படியானால் இதைக் கட்டிய அரசர் ஜெய்சிங் ஏன் இவ்வளவு கல்லைக் கொட்டினார்? சிறு கருவியில் ஒரு மில்லிமீட்டர் வேலைப் பிசகு ஒன்றரை நிமிடத் தவறு. இங்கே அதே ஒரு மில்லிமீட்டர் ஒரு நொடிக்கும் குறைவு. கொத்தனாரின் கையிலிருந்து வரும் தவறு அனேகமாக மறைந்துவிடுகிறது. எஞ்சுவது சூரியனின் அகலம் மட்டும். அதையும் பிரித்துப் பார்க்க 14 செ.மீ. இடம் கிடைக்கிறது. பெரிதாகக் கட்டியதன் பயன் இதுதான்.

அந்த இடத்தைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். தேவை ஒரு மெல்லிய கருப்பு நூல், ஒரு மீட்டர் போதும். இரண்டு பேர் நூலை இழுத்துப் பிடித்து, கால்வட்டத்தின் மேற்பரப்பிலிருந்து ஒரு செ.மீ. உயரத்தில், சுவரின் நிழல் விளிம்புக்கு இணையாக வைக்க வேண்டும். வெயில் பக்கத்தில் நூலின் நிழல் கூர்மையாகக் கோடு போட்டதுபோல் விழும். அப்படியே மெல்ல இருட்டுப் பக்கம் நகர்த்துங்கள். புறநிழலுக்குள் போகப் போக நூலின் நிழல் வெளிறும், ஆனாலும் தெரியும். ஓர் இடத்தில் சட்டென்று காணாமல் போகும். அந்த இடத்தில் கையை நிறுத்தி ‘இப்போ’ என்று சொல்ல, மூன்றாமவர் கைபேசி நேரத்தை நொடியோடு எழுத, நூலுக்குக் கீழே உள்ள கோட்டைப் படிக்க வேண்டும். ஐந்து முறை செய்து சராசரி எடுத்தால், வெறுங்கண்ணுக்கு நிமிடக் கணக்கில் இருந்த தடுமாற்றம் நொடிக் கணக்குக்கு இறங்கிவிடும். நூலை உயரமாகப் பிடித்தால் அதன் நிழலே மங்கிவிடும்; பளிங்கில் ஒட்டிப் பிடித்தால் நூல் எது நிழல் எது என்று தெரியாது. ஒரு செ.மீ. சரியாக வரும்.

இன்னொரு படி பாக்கி இருக்கிறது, பெரும்பாலோர் விடுவது இதைத்தான். நூலின் நிழல் மறையும் இடம் புறநிழலின் நடு அல்ல, கருநிழலின் ஓரம். அது சூரியனின் மையத்தைக் காட்டாது, மேல்விளிம்பைக் காட்டும். ஆகவே காலையில் படித்த நேரத்திலிருந்து ஒரு நிமிடம் கழிக்க வேண்டும். மாலையில் ஒரு நிமிடம் கூட்ட வேண்டும். காலையில் இருட்டு இருப்பது இன்னும் வராத மணிகளின் பக்கம் என்பதால் கழித்தல். மாலையில் கடந்துபோன மணிகளின் பக்கம் என்பதால் கூட்டல். உதாரணமாக, டிசம்பர் 28 காலையில் நூல் 10 மணி 5 நிமிடக் கோட்டில் நின்றால், ஒன்றைக் கழித்து 10.04. அன்றைய எண் 28-ஐக் கூட்டினால் 10.32. கைபேசியும் அதையே காட்டும். அதைப் பார்க்கும் பிள்ளை அந்த இடத்தை மறக்காது.

அதிகாலையிலும் அந்திப் பொழுதிலும் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ள வேண்டாம். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால், அடிவானத்தில் சூரியன் இருக்கும் உயரத்தைவிட அரைப் பாகைக்கு மேல் உயர்ந்து தெரியும். அது மட்டுமே ஜெய்ப்பூரில் 2 நிமிடம் வரை பிசகடிக்கும். சூரியன் பத்துப் பாகை ஏறிய பிறகும் 20 நொடி மிச்சம் இருக்கும். காலை 9 முதல் மாலை 4 வரை நல்ல நேரம். மெல்லிய மேகம் இருந்தாலும் புறநிழல் பரந்து நூல் பயனற்றதாகிவிடும்.

நேரம் பார்ப்பது இந்த யந்திரத்தின் பாதி வேலைதான். சாய்ந்த விளிம்பிலும் அளவுகள் இருக்கின்றன. சூரியன் வான நடுக்கோட்டிலிருந்து (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கற்பனைக் கோடு) எத்தனை பாகை வடக்கே, தெற்கே என்று பார்ப்பதற்கு அவை. ஒருவர் படிக்கட்டில் ஏறி விளிம்பின் மேல் ஒரு கோலை நிறுத்தி நகர்த்துவார். கீழே நிற்பவர் கோலின் நிழல் தன் அளவுகோலின் விளிம்பில் விழும்போது குரல் கொடுப்பார். கோல் நிற்கும் இடத்தின் எண் அன்றைய விலக்கம். நடுப்புள்ளியையொட்டி ஒரு பாகைக்கு 26 செ.மீ. இடைவெளி, போகப் போகப் பெரிதாகி, ஜூன், டிசம்பர் எல்லைகளில் 31 செ.மீ. ஆகிறது. ஜூனில் கோல் நடுப்புள்ளிக்கு ஆறரை மீட்டர் மேலே நிற்கும். டிசம்பரில் அதே அளவு கீழே. கல்லில் சீரற்ற இடைவெளியைப் பார்த்து ‘கோடு தப்பாகப் போட்டிருக்கிறார்கள்’ என்று எண்ண வேண்டாம். அது முக்கோணவியல் கணக்கு.

கால்வட்டங்களைத் தாங்கும் கட்டடத்துக்குள்ளேயே இன்னொரு கருவி ஒளிந்திருக்கிறது: ஷஷ்டாம்ச யந்திரம். பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். இருட்டறை, மேலே சிறு துளை, கீழே வட்டத்தின் ஆறில் ஒரு பங்கான 60 பாகை வில். நண்பகலில் சில நிமிடங்கள் மட்டும், துளை வழியே சூரியனின் முழு வட்டு வில்லின் மேல் விழுந்து கடந்து போகும். எட்டரை மீட்டர் தூரத்தில் அந்த வட்டு ஏறத்தாழ 8 செ.மீ. அகலம் இருக்கும். வெளியே சுவர் நிழலில் மங்கலாகக் கரைந்த அதே சூரியன், இங்கே இரண்டு ஓரங்களோடு வந்து உட்காருகிறது. இரு ஓரங்களையும் படித்துப் பாதியாக்கினால் மையம் கிடைத்துவிடும். வெளியே செய்த ஒரு நிமிடத் திருத்தம் தேவையில்லை. சூரியனின் அகலம் ஜனவரியில் சற்றுப் பெருத்தும் ஜூலையில் சற்றுச் சிறுத்தும் இருப்பதைக்கூட இதில் அளக்கலாம். எங்கள் பார்வையில், அந்த வளாகத்தின் 19 கருவிகளில் மிக நுட்பமானது இதுவே. வளாகம் 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் கூட்டம் பெருகியது. அந்தக் கூட்டம் பெரிய சுவரைத்தான் பார்க்கிறது.

இதைக் கட்டியவர் வெறும் ஆடம்பரத்துக்குக் கட்டவில்லை. இரண்டாம் சவாய் ஜெய்சிங் (1688–1743) முதலில் பித்தளைக் கருவிகளைத்தான் செய்து பார்த்தார். முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயரால் அவர் தொகுத்த வானியல் அட்டவணையின் முன்னுரையில் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது: கருவி சிறியதாக இருப்பதால் நுண்பிரிவு போட இடமில்லை, அச்சு தேய்கிறது, மையம் இடம்பெயர்கிறது, தளம் சாய்கிறது. அதனால் கல்லும் சுண்ணாம்பும். 1724-இல் டெல்லி, பிறகு 1727-இல் தாம் நிறுவிய ஜெய்ப்பூர், அப்புறம் உஜ்ஜயினி, மதுரா, வாரணாசி. ஓர் ஊரில் எடுத்த அளவை இன்னோர் ஊரில் சரிபார்க்க வேண்டும் என்று ஐந்து இடங்களில் கட்டினார். மதுராவில் இருந்தது இன்று இல்லை. போர்த்துகலுக்கு ஆள் அனுப்பி ஐரோப்பிய அட்டவணைகளை வரவழைத்து ஒப்பிட்டார். சந்திரனின் இடத்தில் அரைப் பாகைத் தவறும், கிரகண நேரத்தில் 15 பலம், அதாவது நம் கணக்கில் கால் நாழிகை வித்தியாசமும் கண்டார். ஆறு நிமிடப் பிசகைக் கண்டுபிடிக்கிற அரசவை, நொடியைப் பற்றிக் கவலைப்பட்டதில் வியப்பில்லை. அவருடைய அறிஞர் ஜகந்நாத சம்ராட், பண்டைய கிரேக்க அறிஞர் தாலமியின் வானியல் நூலை அரபியிலிருந்து சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்தார். யந்திரங்கள் சிதைந்து கிடந்த காலத்தில், 1901–02-இல் லெப்டினன்ட் கேரட்டும் சந்திரதர் குலேரியும் சேர்ந்து செப்பனிட்டார்கள். இன்று நாம் காண்பது அந்தப் புதுப்பிப்பை ஒட்டியதே.

ஜெய்ப்பூர் போக முடியாத பள்ளிகளும் இதைச் செய்து பார்க்கலாம். கெட்டி அட்டையில் 15 செ.மீ. ஆரமுள்ள இரண்டு கால்வட்டங்கள் வெட்டிக்கொண்டு, ஒரு மணிக்கு 3.9 செ.மீ. வீதம், அதாவது 15 பாகைக்கு ஒன்றாக, கோடு போடுங்கள். நடுச்சுவரின் சாய்வு சென்னையில் 13 பாகை, மதுரையில் 10, யாழ்ப்பாணத்தில் ஒன்பதரையைத் தாண்டி. 27 பாகையிலேயே வைத்துவிட்டால் நண்பகலில் மட்டும் சரியாக இருக்கும், காலையிலும் மாலையிலும் பிசகும். மாதிரிகளில் அடிக்கடி நேரும் தவறு இது. காந்த ஊசி காட்டுவது உண்மை வடக்கு அல்ல. நட்டு வைத்த குச்சியின் மிகக் குட்டையான நிழலைக் குறித்து வடக்கு தெற்குக் கோடு போடுங்கள். சென்னையில் சூரியன் நண்பகலில் தலைக்கு வடக்கே போகும் நாட்கள் உண்டு என்பதால் நிழல் தெற்கே விழுந்தால் திகைக்க வேண்டாம். தீர்க்கரேகைத் திருத்தம் சென்னைக்கு 9 நிமிடம், மதுரைக்குப் பதினேழரை, கோவைக்கு 22. சூரியனால் வரும் திருத்தம் எல்லா ஊருக்கும் ஒன்றே.

ஆகவே, அடுத்த முறை அந்த வரியை அச்சிடும்போது ‘2 நொடி வரை கோடு பிரிக்கப்பட்ட அளவுகோல்’ என்று போடும்படி கேட்டுக்கொள்கிறோம். பயணக் கட்டுரையின் ஓரத்தில் மாத வாரியாகக் கூட்ட வேண்டிய நிமிடங்களையும் ஒரு சிறு பெட்டியாகத் தாருங்கள். சுற்றுலா கூட்டிச் செல்லும் ஆசிரியர்கள் ஜந்தர் மந்தருக்கு ஒதுக்கும் நேரத்தை ஒரு மணியாவது ஆக்கி, மேற்குக் கால்வட்டத்தின் ஓரத்தில் பிள்ளைகளை நிறுத்தி, கையில் ஒரு நூலைக் கொடுங்கள். பளிங்கின் மேல் ஏறி மிதிக்காமல் ஓரத்திலிருந்தே செய்யலாம். நூலை முதல்நாளே விடுதி அறையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கருப்பாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
பள்ளிப் பிள்ளைகளுக்கு வானியல் சொல்லித்தரும் ஆசிரியர்கள் சிலர்